பித்தளைக்கும் ஓய்வு வேண்டும்!

'டெண்டர்' என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்குக் கான்ட்ராக்டர்களும் அவர்கள் அரக்கு முத்திரையிட்டுக் கொடுக்கும் உறைகளும்தான் தோன்றும். ஆகவே, "அத்தை, டெண்டர் கிழிந்துவிட்டது!" என்று என் அண்ணன் மகன் முகம் வாடி வந்து நின்றபோது, பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு டெண்டரில் என்ன வேலை என்று திகைத்துத்தான் போனேன்.

விஷயம் வேறு. நீராவி எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு ஒரு வண்டி ஓடுமே, அதற்கும் டெண்டர் என்றுதான் பெயர். ஊட்டி மலை ரயிலில் போய் வந்தவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த எஞ்சின் தனக்கு வேண்டியதைத் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டு மலை ஏறுகிறது. சமவெளியில் நெடுந்தூரம் ஓடிய பெரிய எஞ்சின்களுக்கோ டெண்டர் இல்லாமல் காரியம் நடக்காது.

என் தகப்பனார் ரயில்வேயில் ஃபயர்மேனாகச் சேர்ந்தவர். டெண்டரிலிருந்து கரியை வாரி வாரி அடுப்பில் போட்டே அவருக்குத் தோள் அகன்றுவிட்டது என்பாள் என் தாயார். அவருக்கு எழுபதாவது பிறந்த நாள் வருகிறது. தாத்தாவுக்குப் பித்தளைத் தகட்டில் ஒரு சின்ன எஞ்சினும் டெண்டரும் செய்து கொடுக்க வேண்டும் என்று பேரனுக்கு ஆசை!

எஞ்சினை எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். டெண்டர் வெறும் பெட்டிதானே, ஒரு நாள் வேலை என்று நினைத்தான். ஆனால் அந்தப் பெட்டியின் மேல் விளிம்பு சற்று வெளிப்புறமாக விரிந்திருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகடு நேரான பக்கங்களில் சாதுவாக மடங்கியது. மூலைக்கு வந்ததும் 'டக்'கென்று கீறிவிட்டது. இரண்டாவது தகட்டிலும் அதே கதி. பாக்கி இருந்தது ஒரே தகடு. பிறந்த நாளுக்கு இருந்தது எட்டே நாள்.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இந்தச் சங்கடம் சட்டென்று புரியும். பாவாடை கீழே விரிய வேண்டுமானால் கீழ் ஓரத்துக்குத் துணி கூடுதலாக வேண்டுமல்லவா? நாம் ஓர் ஒட்டுத்துணி வைத்துத் தைத்துவிடுவோம். தகட்டுக்கு அந்த வசதி கிடையாது. மூலையில் இருக்கிற உலோகமே இழுபட்டு நீள வேண்டும். நீள முடியாதபோது கிழிகிறது.

திருப்பூர் என்றால் பனியன் என்றுதான் உலகம் அறிந்திருக்கிறது. ஆனால் கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு அவிநாசி சாலையிலுள்ள அனுப்பர்பாளையத்தையும் நன்றாகத் தெரியும். கல்யாணச் சீருக்குக் குடமும் அண்டாவும் அங்கிருந்துதான் வரும். பையனை அழைத்துக்கொண்டு, தெரிந்த ஒருவர் மூலம் அங்கே ஒரு பட்டறைக்குப் போனேன்.

பெரியவர் ஒருவர் தவலையின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். கிழிந்த தகட்டைக் கையில் வாங்கினார். என்ன, ஏது என்றுகூடக் கேட்கவில்லை.

"நெருப்புக் காட்டினியா, கண்ணு?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படி வளையும்? அடிக்க அடிக்க அதுக்கு விறைப்பு ஏறிக்கும். காய்ச்சி ஓய்வு கொடுத்தாத்தான் மறுபடி சொன்ன பேச்சுக் கேக்கும்."

ஏறக்குறைய இரண்டு பங்கு செம்பும் ஒரு பங்கு துத்தநாகமும் கலந்தது பித்தளை. அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத மணிகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. சுத்தியல் அடி விழ விழ அந்த மணிகள் நசுங்கி, நீண்டு, ஒன்றையொன்று நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. தகடு கெட்டியாகிறது, அதற்கு மேல் வளைத்தால் விரிசல்தான். அதைச் சூடாக்கினால் நசுங்கிய மணிகளின் இடத்தில் புதிய மணிகள் தோன்றுகின்றன. தகடு மறுபடி மிருதுவாகிவிடுகிறது.

பெரியவர் பையனைப் பட்டறையின் இருண்ட மூலையில் உள்ள கரி அடுப்புக்கு அழைத்துப் போனார். வெளிச்சத்தில் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டேன்.

"மங்கலாச் செவக்குறதுதான் பதம், அம்மணி. வெயில்ல செவப்புத் தெரிஞ்சுதுன்னா பதம் தாண்டிப் போச்சுன்னு அர்த்தமுங்க."

மங்கலாகச் சிவந்த தகட்டைத் தண்ணீரில் போட்டார். எஃகாக இருந்தால் இப்படிச் செய்ததும் முன்னைவிடக் கெட்டியாகிவிடும். பித்தளை அப்படியில்லை, மெத்தென்றே இருக்கிறது. கறுத்துப்போன மேற்பரப்பைப் புளி கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தார். பிறகு மூலைக்குத் தக்கபடி செதுக்கிய மரக்கட்டையின் மேல் தகட்டை வைத்து, மரச் சுத்தியலைப் பையன் கையிலேயே கொடுத்துவிட்டார். ஒரே இடத்தில் ஓங்கி அடிக்காமல், சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டச் சொன்னார். பத்துப் பதினைந்து தட்டு விழுந்ததும், "நிறுத்து, கண்ணு. சத்தம் மாறுது, கேட்டியா?" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, பையனுக்குக் கேட்டது. மறுபடி அடுப்பு, மறுபடி தட்டல். மூன்று முறை காய்ச்சிய பிறகு மூலை கீறாமல் பூப்போல விரிந்தது.

அடித்த பித்தளைக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டிஷ் ராணுவம் நம் நாட்டிலேயே கண்டது. மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை விட்டதும் எடுத்துப் பார்த்தால், பித்தளை உறைகளில் தாமாகவே விரிசல்! மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921-இல் காரணத்தை விளக்கினார்கள். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா ஆவி, உள்ளுக்குள் விறைத்திருந்த பித்தளையைத் தாக்கியிருக்கிறது. உறைகளை அளவாகக் காய்ச்சி விறைப்பைப் போக்குவதே அதற்குப் பரிகாரம்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. பாட்டி காலத்துக் குடத்தை மாட்டுக் கொட்டிலிலோ கழிவறைப் பக்கத்திலோ போட்டு வைக்காதீர்கள். அமோனியா கலந்த திரவங்களால் பித்தளையைத் துடைக்காதீர்கள். சமைக்கும் பாத்திரமானால் உள்ளே பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலந்திருந்தால் அது நஞ்சு. பூச்சுத் தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். ஆகையால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலில் பேச்சுக் கொடுக்கப் போகாதீர்கள்!

புறப்படும்போது, "உங்கள் மகனும் இதே தொழில்தானா?" என்று கேட்டேன்.

"பனியன் கம்பெனிக்குப் போறானுங்க. சனிக்கிழமையானா சம்பளம். இங்கே எவர்சில்வர் வந்து பாதி வேலையை எடுத்துக்கிச்சு, மெசின் வந்து மீதியை எடுத்துக்கிச்சு. அவனைக் குத்தம் சொல்ல முடியுமாங்க?" என்றார். குரலில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பையன் கையிலிருந்த டெண்டரை ஒரு தரம் வாங்கி, மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். "கரிக்கு மட்டும் கொடுங்க, போதும்" என்றார்.

சத்தம் மாறுவதைக் கேட்கும் அந்தக் காதைப் பெரியவர் எந்தக் கடையில் வாங்கினார்? எத்தனை ஆயிரம் குடங்களைத் தட்டித் தட்டிச் சேர்த்த ஆஸ்தி அது! அதை ஒப்படைக்க வீட்டில் ஆள் இல்லை. எங்கள் வீட்டுப் பையன் ஒரு பிற்பகலில் அதிலே ஒரு துளி வாங்கிக்கொண்டு வந்தான். அடுத்த முறை சீருக்குக் குடம் வாங்கப் போகும்போது, எடையை மட்டும் பார்க்காமல் அடித்த தடத்தையும் கொஞ்சம் பாருங்கள். அச்சில் பதித்த புள்ளிகள் ஒன்றுபோல் இருக்கும். கையால் அடித்தவை ஒன்றுக்கொன்று சற்றே மாறியிருக்கும். இரண்டாவதற்கு நாலு காசு கூடக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

பிறந்த நாளன்று தகப்பனார் எஞ்சினைப் பார்த்துத் தலையை ஆட்டினார். டெண்டரை மட்டும் கையில் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா, கரி எங்கே? வண்டி எப்படி ஓடும்?"

பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். அனுப்பர்பாளையத்து அடுப்பிலிருந்து பொறுக்கி வந்த கரித்தூள்! கிழவர் அதை வாங்கி, ஒரு துளி சிந்தாமல் தம் கையாலேயே டெண்டரில் நிரப்பினார்.