குழியிலேயே விட்டுவிட்டுச் சொல்லி அனுப்புங்கள்

பழம்பொருட்களில் அக்கறை கொண்ட எங்கள் குழு ஊர்மக்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ, கொல்லையில் செப்டிக் டேங்குக்குக் குழி எடுக்கும்போதோ பானை, தாழி, சிலை, காசு என்று எது தட்டுப்பட்டாலும் வெளியே எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். கிடக்கிற கிடையிலேயே விட்டுவிட்டுத் தகவல் சொல்லுங்கள். பத்திரமாக எடுத்து வைத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஒரு பொருளின் காலத்தை உறுதியாகச் சொல்ல முடியும்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு கிடந்த நெல்லைச் சோதித்துத்தான் அதன் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். தங்கம் இருக்குமோ என்று தாழியை உடைத்து மண்ணைக் கொட்டியிருந்தால் அந்தக் கணக்கும் கூடவே போயிருக்கும். கீழடித் தென்னந்தோப்பில் கிடைத்த, எழுத்துக் கீறிய ஓட்டாஞ்சில்லுகளும் அப்படித்தான். எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்ற பதிவு இருப்பதால்தான் அவற்றின் காலத்தைப் பற்றி அறிஞர்கள் இன்று வாதிடவாவது முடிகிறது.

சிலைகளுக்கு இது இன்னும் பொருந்தும். 1976-இல் தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி குடிசையருகே தோண்டியபோது வெளிவந்த நடராசர், கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அவர் பத்தூருக்கு உரியவர் என்று அங்குள்ள நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கைகொடுத்தவை, அதே இடத்தில் பின்னர் கிடைத்த மற்றச் செப்புத் திருமேனிகளும், அவற்றில் ஒட்டியிருந்த மண்ணும், கரையான் தடமும். 1988-இல் தீர்ப்பு சாதகமாக வந்தது. மேல்முறையீடும் முடிந்து 1991-இல் நடராசர் ஊர் திரும்பினார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய சிலைக்கு இப்படிச் சாட்சி சொல்ல என்ன மிஞ்சும்?

சொன்னால் நிலம் போய்விடும் என்ற அச்சம்தான் பலரை வாய்மூட வைக்கிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுகிறவருக்கு அது நியாயமான அச்சமே. ஆனால் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பேசுவது கிடைத்த பொருளைப் பற்றி, உங்கள் பட்டாவைப் பற்றி அல்ல. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமையாளர் இல்லாத புதையலை அரசு எடுத்துக்கொண்டால், அந்தப் பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டித் தரவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. வேலை சில நாள் தடைப்படலாம், அதை மறைக்க விரும்பவில்லை. அரசிடம் கொடுத்தால் எங்கோ மூலையில் கிடக்கும் என்பதும் வெறும் வாய்ப்பேச்சு அல்ல. அதற்காகத்தான் வாய்மொழியாகச் சொல்லி நிறுத்தாமல் எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கச் சொல்கிறோம். பிறகு யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

எனவே ஜேசிபியை நிறுத்துங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துச் செல்போனில் படம் எடுங்கள். மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ அன்றே தகவல் கொடுங்கள். கலெக்டருக்கு மனு எழுத உதவி வேண்டுமானால் எங்களைக் கூப்பிடுங்கள், வந்து எழுதித் தருகிறோம்.