வெள்ளம் எந்த மாதம் வந்தது?

அண்மையில் ஒரு வரலாற்று நூலுக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள். பரிசைப் பற்றி நமக்குப் புகார் இல்லை. வாங்கியவருக்கு அச்சகப் பாக்கி தீர்ந்திருக்கும். உறுத்துவது நடுவர் குழுவின் பாராட்டுரை. நைல், யூப்ரடீஸ், சிந்து மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஆறு வண்டலைக் கொண்டுவந்தது, வண்டலில் நாகரிகம் முளைத்தது என்று முடித்துவிடுகிறது. எகிப்து நைலின் கொடை என்று ஹெரோடோட்டஸ் சொன்னதை எல்லா ஆற்றுக்கும் நீட்டிய கதைதான். நூலும் பல நூறு பக்கங்களில் இதையேதான் சொல்கிறது.

நாம் கேட்பது ஒரு சின்னக் கேள்வி: வெள்ளம் எந்த மாதம் வந்தது?

எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடை மழையால் அக்காலத்தில் நைல் ஜூன் வாக்கில் ஏறத் தொடங்கும், ஆகஸ்ட், செப்டம்பரில் கரை புரளும், அக்டோபரில் வடியும். வடிந்த ஈரத்திலேயே விதைக்கலாம். போகிற தண்ணீர் நிலத்தின் உப்பையும் கழுவிக்கொண்டு போகும். டைகிரிஸும் யூப்ரடீஸும் அப்படியல்ல. அனத்தோலிய மலைகளில் பனி உருகி அவை பெருகியது ஏப்ரல், மே மாதங்களில். பார்லி கதிர் முற்றி நிற்கும் நேரம். விதைப்புக்குத் தண்ணீர் தேவைப்படும்போதோ ஆறு மெலிந்து கிடக்கும். தை மாதம் வயலில் வெள்ளம் நின்றால் என்ன ஆகும் என்று தஞ்சைப் பக்கத்து விவசாயி யாரையாவது நடுவர்கள் கேட்டிருக்கலாம். அங்கே வாழ்ந்த சுமேரியன் ஒரு பருவத்தில் தண்ணீரைத் தடுக்கக் கரை போட்டான். மறு பருவத்தில் அதே தண்ணீரைக் கொண்டுவர வாய்க்கால் வெட்டினான். இதற்குப் பெயர் கொடை என்றால் கடன் என்பது எது?

அந்த மண்ணில் தங்கிய உப்பையும் புவியியலின் கணக்கில் எழுதிவிட முடியாது. சுமேரிய நகரங்களான லகாஷும் உம்மாவும் எல்லை வயலுக்கும் வாய்க்கால் நீருக்கும் தலைமுறைகளாகச் சண்டையிட்டன. யூப்ரடீஸ் தண்ணீர்த் தகராறு தீராததால் லகாஷின் மன்னன் என்தெமெனா டைகிரிஸிலிருந்து புதிய வாய்க்கால் கொண்டுவந்தான். அதன் பிறகு தண்ணீர் மிதமிஞ்சிப் பாய்ந்து, நிலத்தடி நீர் ஏறி, மண் உவர்த்தது. கோதுமை பின்வாங்கி உப்பைத் தாங்கும் பார்லி மிஞ்சியது என்று 1958இல் ஆய்வாளர்கள் ஜேக்கப்சனும் ஆடம்ஸும் எழுதினார்கள். அவர்களுடைய விளைச்சல் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் மறுத்ததும் உண்டு. மறுக்கட்டும், அங்கே ஒரு விவாதமாவது இருக்கிறது.

சிந்துவெளி பாராட்டுரைக்கு இன்னும் சங்கடமானது. காளிபங்கன் நகரம் எழுந்தபோது அதன் அருகே இருந்த பழைய ஆற்றுத் தடத்தில் சட்லஜ் இல்லை. அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே திசை மாறியிருந்ததை 2017இல் வந்த ஆய்வு காட்டியது. தோலாவிராவுக்கோ பேராறே கிடையாது. மழைக்கு மட்டும் ஓடும் இரண்டு ஓடைகளை மறித்து, கல்லில் நீர்த்தேக்கங்கள் கட்டி, கட்ச் உப்புவெளியின் நடுவே ஒரு நகரத்தை நடத்தினார்கள்.

ஆசிய உற்பத்தி முறை என்ற மார்க்சியக் கருத்தாக்கம் பற்றி எண்பதுகளில் விடிய விடியச் சண்டையிட்டவர்களுக்கு இந்த இடத்தில் விட்ஃபோகல் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். அவருடைய 'கீழைக் கொடுங்கோன்மை' நூலின் ஒளிநகல் கைமாறிக் கைமாறி எழுத்து மங்கிப்போன காலம் அது. 1931இல் லெனின்கிராடில் அந்தக் கருத்தாக்கத்தையே ஓரங்கட்டிய சோவியத் அறிஞர்கள் மீதான கோபத்தில், 1951இல் அமெரிக்க செனட் குழுவின் முன் நின்று பிறரைக் காட்டிக்கொடுத்தவரை நாம் கொஞ்சம் அதிகமாகவே மன்னித்தோம். பெரும் பாசனமே கொடுங்கோல் அரசைப் பெற்றது என்ற அவருடைய வாதம் நிற்கவில்லை. ஈராக்கில் பெரிய வாய்க்கால் வலைப்பின்னல்களுக்கு முன்பே நகரமும் அரசும் வந்துவிட்டதை ஆடம்ஸும், எகிப்தில் பாசனம் நெடுங்காலம் ஊர்க்காரர் கையிலேயே இருந்ததை ஆய்வாளர் புட்ஸரும் காட்டினார்கள். ஆனாலும் மதகு யார் கையில் என்று கேட்டவர் அவர். பரிசு நூல் மதகுப் பக்கமே போகவில்லை.

போகாததற்குக் காரணம் உண்டு. ஆற்றைப் புகழ்ந்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வாய்க்கால் வெட்டியவனைப் பேசினால் வெட்டச் சொன்னவனையும் பேச வேண்டும். அப்புறம் மேடையில் யார் உட்காருவது? 'ஊர்' என்ற சுமேரிய நகரின் மூன்றாம் வம்சக் காலத்து உம்மாவின் களிமண் பலகைகளில் எத்தனை ஆள், எத்தனை நாள், எவ்வளவு மண் என்று வாய்க்கால் வேலைக்குக் கணக்கு இருக்கிறது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்தர் பதிந்துவைத்த உழைப்பு நம் வரலாற்றாசிரியரின் கண்ணில் படவில்லை. நம் பரிசுகள் இப்போது இப்படிப்பட்ட நூல்களைத்தான் தேடிப் போகின்றன: எவருக்கும் வலிக்காத, எவரையும் குற்றம் சாட்டாத, அட்டையில் ஒரு ஆற்றின் படம் போட்ட நூல்கள்.

நூலாசிரியரோ நடுவர்களோ மறுப்பு எழுதினால் ஒரு வரியும் வெட்டாமல் அடுத்த இதழில் வெளியிடுவோம். வாசகர்கள் நூலைப் படித்துவிட்டு எழுதுங்கள். பாராட்டுரையை மட்டும் படித்துவிட்டு எழுத வேண்டாம்.