‘கைதி’யின் அந்த ஒரு ராத்திரி: டில்லி தப்பிச்சிட்டாரு... ஸ்டன்ட் கலைஞர்கள்?

2019 தீபாவளி ரிலீஸ் ஞாபகம் இருக்கா? அக்டோபர் 25 அன்று ஒரு பக்கம் விஜய்யின் ‘பிகில்’. திரும்பிய பக்கமெல்லாம் கட்அவுட். அதே நாளில் பாட்டு இல்லாமல், ஹீரோயின் இல்லாமல், பகல் வெளிச்சமே பெரிசா இல்லாமல் ஒரு படம் வந்தது. “இது தாங்குமா?”ன்னு கேட்டவங்களே ரெண்டாவது தடவை டிக்கெட் போட்டாங்க. அதுதான் லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் கார்த்தி நடித்த ‘கைதி’.

அந்தப் படத்தைப் பற்றிப் பேச இன்னைக்கும் விஷயம் இருக்கு. ஆனால் நாம் பேச மறந்த ஒரு விஷயமும் இருக்கு.

கதை சிம்பிள்... அப்புறம் ஏன் நகத்தைக் கடிச்சோம்?

பத்து வருஷ சிறைவாசம் முடிந்து, இதுவரை பார்த்தே இராத மகளைப் பார்க்கக் கிளம்புகிறான் டில்லி. வழியில் போலீஸ் சந்தேகத்தில் பிடித்துவைக்கிறது. அதே இரவு, விருந்தில் கலந்த விஷத்தால் போலீஸ் அதிகாரிகள் கூட்டமாக மயங்கிச் சாய்கிறார்கள். நிதானத்தில் இருக்கும் அதிகாரி பிஜாய்க்கோ கையில் அடி. லாரி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் டில்லிதான். இன்னொரு பக்கம், திருச்சி கமிஷனர் அலுவலகத்தில் பதுக்கிவைத்த 900 கிலோ போதைப்பொருளை மீட்க ரவுடிக் கூட்டம் வருகிறது. உள்ளே இருப்பது அன்றுதான் வேலையில் சேர வந்த கான்ஸ்டபிள் நெப்போலியனும் சில கல்லூரி மாணவர்களும்.

ஒரு லாரி, ஒரு கட்டடம், ஒரு ராத்திரி. அவ்வளவுதான். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு காரணம் இருக்கு. லாரியில் கிடப்பவர்கள் சாகக் கூடாது, விடிவதற்குள் மகளைப் பார்க்கணும். யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் ஆபத்து வருகிறது என்பது நமக்குத் தெளிவாகத் தெரியும். அதனால்தான் பயந்தோம். சத்யன் சூரியனின் கேமரா, பிலோமின் ராஜின் கத்தரி, சாம் சி.எஸ். இசை மூன்றும் அந்தத் தெளிவைக் கடைசிவரை கலைக்கவே இல்லை.

இண்டஸ்ட்ரி எதைக் கத்துக்கிச்சு?

இருட்டையும் துப்பாக்கியையும் மட்டும்தான். ‘கைதி’க்குப் பிறகு வந்த பல ஆக்‌ஷன் படங்களில் ராத்திரி இருக்கு, ரத்தம் இருக்கு, பெரிய மெஷின் கன் இருக்கு. மகளுக்காக வாங்கிய கம்மலை வைத்திருக்கும் அந்த அப்பா மட்டும் இல்லை. 2023-இல் இந்தியில் ‘போலா’ என்று ரீமேக் செய்தபோது ஆக்‌ஷனை இன்னும் பெரிசாக்கினார்கள். ஆனால் அந்தப் பதைபதைப்பு பெரிசாகலை. ஆக்‌ஷன் என்பது சைஸ் விஷயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

சரி, அடி வாங்கினது யார்?

இப்போ நாம் மறந்த விஷயத்துக்கு வருவோம். ‘கைதி’யின் சண்டைகளை அமைத்தவர்கள் அன்பறிவ் என்ற இரட்டைச் சகோதரர்கள். பிறகு ‘கே.ஜி.எஃப்’ படங்களுக்காகத் தேசிய விருதும் வாங்கியவர்கள். அவர்கள் பெயராவது நமக்குத் தெரியும். லாரியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், தடுப்பில் மோதி விழுந்தவர் பெயர்? டைட்டில் கார்டு வரும்போது நாம் பார்க்கிங்கில் பைக்கைத் தேடிக்கொண்டிருப்போம்.

‘கைதி’ படப்பிடிப்பில் தப்பு நடந்தது என்று சொல்லவில்லை. கேள்வி நம்ம ஒட்டுமொத்த சினிமாவைப் பற்றியது. 2020 பிப்ரவரியில் சென்னை அருகே ‘இந்தியன் 2’ படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் பாயும் காட்சியைப் படமாக்கும்போது அனுபவமுள்ள ஸ்டன்ட் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். ஒவ்வொரு முறையும் ரெண்டு நாள் இரங்கல் போஸ்ட். மூணாவது நாள் அடுத்த டீசர்.

நாய்க்கு இருக்கிற கார்டு மனுஷனுக்கு?

படத்தில் ஒரு நாய் நடித்தாலும், மாடு நடித்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லாமல் தணிக்கைச் சான்றிதழ் கிடைக்காது. ‘எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை’ என்ற கார்டு வந்த பிறகுதான் படமே ஆரம்பிக்கும். நல்ல விதி, இருக்க வேண்டிய விதி. ஆனால் தீயில் குதித்த மனிதருக்காக அப்படி ஒரு கார்டை நீங்கள் திரையில் பார்த்ததுண்டா?

என் கருத்து இதுதான்: தணிக்கைக்குப் போகும் ஒவ்வொரு ஆக்‌ஷன் படமும், சண்டைக் காட்சிகளில் வேலை செய்த எல்லோருக்கும் காப்பீடு இருந்தது, தளத்தில் ஆம்புலன்ஸும் மருத்துவரும் இருந்தார்கள், இரவு ஷூட்டிங்குக்குப் பிறகு போதிய ஓய்வு தரப்பட்டது என்று சான்று தரணும். “இந்த ஷாட் ரிஸ்க், வேண்டாம்” என்று சொல்லும் உரிமை ஸ்டன்ட் மாஸ்டருக்கு எழுத்தில் இருக்கணும்.

“ரிஸ்க் இல்லாம ஆக்‌ஷனா?” என்று கேட்கலாம். ரிஸ்க்கை யாரும் பூஜ்யமாக்க முடியாது. ஆனால் ஒத்திகை, ஓய்வு, காப்பீடு மூன்றும் படத்தின் விறுவிறுப்பைக் குறைக்காது. “பட்ஜெட் தாங்காது” என்பதும் நம்பும்படி இல்லை. ஹீரோ சம்பளத்துக்கும் பாடல் வெளியீட்டு விழாவுக்கும் தாங்குகிற பட்ஜெட் ஒரு ஆம்புலன்ஸுக்குத் தாங்காதா?

ஆஸ்கரே ரொம்ப தாமதமாகத்தான் விழித்துக்கொண்டது. 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டன்ட் வடிவமைப்புக்குத் தனி விருது தரப்போகிறார்கள். நம்ம நாட்டில் சண்டைப் பயிற்சிக்குத் தேசிய விருது ஏற்கெனவே இருக்கு. மரியாதை வந்துடுச்சு, பாதுகாப்புதான் இன்னும் வரலை.

டில்லி மகள் முகத்தைப் பார்த்ததும் தியேட்டரே நிம்மதியா மூச்சு விட்டுச்சு. அவருக்காக அடி வாங்கி விழுந்த ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு அமுதா காத்துக்கிட்டு இருப்பாள். விடிஞ்சதும் அவர்களும் பத்திரமா வீடு போய்ச் சேரணும்.