எந்தப் பந்து நல்ல பந்து?

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் என்று ஒரு சிற்றூர். அங்கே குன்றைக் குடைந்து சமைத்த கோயிலில் அரங்கநாதப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். தென்புறம் திரும்பினால் செஞ்சிக் கோட்டை. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை அந்தக் கோட்டையைச் சுற்றிக் கிடந்தது. அந்தக் காலத்துப் பீரங்கிக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கும். பீரங்கியின் வாய்க்கும் குண்டின் அளவுக்கும் பொருத்தம் இராவிட்டால், வீரம் எவ்வளவு இருந்தும் பயன் இல்லை. குண்டு ஒன்று கோட்டைச் சுவரைத் தாக்காது. அல்லது சொந்தப் பீரங்கியையே உடைத்துவிடும்.

இந்தப் பாடத்தை நமது கிரிக்கெட் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அறுவடையான வயலிலும் ஏரிக்கரையிலும் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு ஆடிவந்த ஒரு கிராமத்துக் குழு, வீட்டுக்கு வீடு பணம் சேர்த்து, இனிமேல் தோல் பந்து ஆட்டத்தில் இறங்குவது என்று தீர்மானிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் பத்துப் பெட்டிகளை எடுத்துப் போடுகிறார். எல்லாம் சிவப்பு, எல்லாம் உருண்டை, விலை மட்டும் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. எதை வாங்குவது?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பெரியவர்கள் ஆடும் பந்தின் எடை 155.9 கிராமுக்குக் குறையவும் 163 கிராமுக்கு மிகவும் கூடாது. சுற்றளவு 22.4 சென்டிமீட்டரிலிருந்து 22.9 சென்டிமீட்டர் வரை. பெண்கள் ஆட்டத்துக்கு 140 முதல் 151 கிராம். பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 133 முதல் 144 கிராம். இந்தக் கடைசிக் கணக்கைப் பெற்றோர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் ஆடும் பந்தையே தம்பிக்கும் கொடுத்து, "ஆண்பிள்ளைக்கு அடி பட்டால் என்ன?" என்று கேட்பது தைரியம் அல்ல, அசட்டுத்தனம்.

டென்னிஸ் பந்தின் எடையோ அறுபது கிராமுக்கும் குறைவு. ஆகவே, தோல் பந்துக்கு மாறும் குழு ஏறக்குறைய மூன்று மடங்கு கனமான பொருளுக்கு மாறுகிறது. காலுக்குக் காப்பு, கைக்கு உறை, தலைக்குக் கவசம் ஆகிய மூன்றுக்கும் பணம் ஒதுக்கிய பிறகே பந்துக்குப் பணம் எண்ண வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், மிச்சப்படுத்திய பணம் வைத்தியருக்குப் போய்ச் சேரும்.

இனி பந்துகளை ஒப்பிடுவோம். உலகத்து டெஸ்ட் ஆட்டங்களில் மூன்று பந்துகள் அரசாள்கின்றன. இங்கிலாந்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அயர்லாந்திலும் ட்யூக்ஸ், இந்தியாவில் எஸ்.ஜி.; மற்ற நாடுகளில் கூக்கபரா. மூன்றுக்கும் ஒரே எடை, ஒரே சுற்றளவு. ஆனால் குணத்தில் மூன்றும் ஒரு வீட்டுக்கு வந்த மூன்று மருமகள்கள் மாதிரிதான்.

வித்தியாசம் தையலில் இருக்கிறது. பந்தின் நடுவே ஆறு வரிசைத் தையல் ஓடுகிறது. ட்யூக்ஸிலும் எஸ்.ஜி.யிலும் ஆறு வரிசையும் கைத் தையல். கூக்கபராவில் நடு இரண்டு வரிசை மட்டுமே கைத் தையல். மற்ற நான்கும் இயந்திரத் தையல். கையால் தைத்த விளிம்பு மேடாக எழுந்து, நெடுநேரம் நிற்கிறது. இயந்திரத் தையல் சீக்கிரம் அமுங்கிப் போகிறது. மேடான விளிம்பு தரையில் பட்டால் பந்து எதிர்பாராத பக்கம் திரும்புகிறது. காற்றிலே அந்த விளிம்பு ஒரு பக்கத்துக் காற்றோட்டத்தைக் கலைக்கிறது. மற்றப் பக்கம் வழுவழுப்பாக இருப்பதால் அங்கே காற்று அமைதியாக நழுவுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தினால்தான் பந்து வளைந்து செல்கிறது. ஆட்டக்காரர்கள் ஒரே பக்கத்தை ஓயாமல் துடைத்துப் பளபளப்பாக்கும் இரகசியம் இதுவே. எச்சில் தடவும் பழைய வழக்கத்தை 2020-ல் நோய்க் காலத்தில் நிறுத்தினார்கள். 2022-ல் அந்தத் தடை நிரந்தரமாயிற்று. இப்போது வியர்வை ஒன்றே கதி.

பந்து மாறினால் ஆட்டம் எவ்வளவு மாறும் என்பதற்குப் பெரிய தேசங்களே சாட்சி. இங்கிலாந்தில் போய்த் தோற்றுத் திரும்பிய ஆஸ்திரேலியர், 2016-17 முதல் சில பருவங்கள் தங்கள் உள்நாட்டுப் பந்தயத்தின் பிற்பகுதியில் ட்யூக்ஸ் பந்தை வைத்து ஆடிப் பழகினார்கள். இங்கிலாந்துக்காரரோ 2023 முதல் தங்கள் மாவட்டப் பந்தயத்தின் சில சுற்றுகளில் கூக்கபராவை நுழைத்தார்கள். எதிரியின் ஊரில் எந்தப் பந்தோ அந்தப் பந்தில் பழகு என்பதே இரு தரப்பாரும் கண்ட தத்துவம்.

கிராமத்துக் குழுவுக்கும் இதுதான் முதல் விதி. போட்டி நடத்துகிறவர்கள் எந்தப் பந்தைக் குறித்திருக்கிறார்களோ அதையே பயிற்சிக்கும் வாங்க வேண்டும். நம் நாட்டில் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்கள் எஸ்.ஜி. பந்தில் நடக்கின்றன. ஆகையால் மேலே போக ஆசைப்படும் பையன் அந்தப் பந்தின் தையலை விரல் நுனியில் அறிந்திருப்பது நல்லது.

சுதேசிப் பற்றுள்ள நேயர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: "நம்முடைய பந்து மற்றவற்றுக்குத் தாழ்ந்ததா?" எஸ்.ஜி. கம்பெனி 1931-ல் சியால்கோட்டில் கேதார்நாத், துவாரகாநாத் என்ற ஆனந்த் சகோதரர்களால் தொடங்கப்பட்டது. தேசப் பிரிவினையில் அந்தக் குடும்பம் ஊரை விட்டு வந்து, மீரட் நகரில் மீண்டும் தொழிலை நாட்டியது. அகதியாக வந்த தொழில் டெஸ்ட் ஆட்டத்துக்கே பந்து கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆயினும் பெருமை வேறு, பரீட்சை வேறு. 2018-ல் நமது அஸ்வினும் கோலியும் அந்தப் பந்தின் தரம் முன்போல் இல்லை என்று வெளிப்படையாகக் குறை கூறினார்கள். 2021-ல் சென்னையில் இங்கிலாந்துடன் நடந்த ஆட்டத்தில் அறுபது ஓவருக்குள் தையல் சிதைந்துவிட்டது என்று மறுபடியும் முறையீடு எழுந்தது.

அப்படியானால் சீமைப் பந்து உத்தமமோ? 2025-ல் இங்கிலாந்தில் நடந்த தொடரில் ட்யூக்ஸ் பந்து வடிவம் கெட்டு அடிக்கடி மாற்றப்பட்டது. லார்ட்ஸ் மைதானத்தில் புதுப் பந்தைச் சுமார் பத்து ஓவரிலேயே மாற்றும்படி ஆயிற்று. 1760 முதல் வரும் பெயர் அது! வேடிக்கை என்னவென்றால், அந்தச் சீமைத் தொழிலை 1987-ல் வாங்கி நடத்திவருகிறவர் பெங்களூரில் பிறந்த திலீப் ஜஜோடியா. எனவே பெயரையும் ஊரையும் பார்த்து வாங்குவதில் பயனில்லை. பந்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? நான்கு துண்டுத் தோலால் ஆன பந்தா, இரண்டு துண்டா என்று கேளுங்கள். போட்டிக்கு நான்கு துண்டே உகந்தது. இரண்டு துண்டுப் பந்து மலிவு, பயிற்சிக்குப் போதும். தராசில் நிறுத்துப் பாருங்கள். நூலைச் சுற்றி அளந்து பாருங்கள். சமமான பலகையில் மெதுவாக உருட்டுங்கள். நேரே ஓடாமல் தள்ளாடினால் உள்ளே தக்கையும் கம்பளி நூலும் ஒழுங்காக அமையவில்லை என்று பொருள். பிறகு இரண்டு மூன்று வகையில் ஒவ்வொன்று மட்டும் வாங்கி, ஒரே தரையில், அதே இரண்டு பேரை வீசச் சொல்லி, இருபது ஓவருக்கு ஒரு தரம், நாற்பது ஓவருக்கு ஒரு தரம் தையலையும் வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செஞ்சிப் பக்கத்துப் பாறை மண்ணில் எந்தப் பளபளப்பும் நெடுநாள் வாழாது. அங்கே தோலின் மினுக்கைவிடத் தையலின் உறுதிக்கே மதிப்பு அதிகம். டஜன் கணக்கில் வாங்குவது இந்தச் சோதனைக்குப் பிறகுதான்.

டென்னிஸ் பந்தை மட்டும் ஏளனம் செய்ய வேண்டாம். சேலம் ஜில்லாச் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜன் இருபது வயதளவு வரை டென்னிஸ் பந்திலேயே வளர்ந்தவர். ரஞ்சிக் கோப்பையில் புகுந்ததும் அவர் பந்து வீசும் முறையைக் குறித்து ஆட்சேபம் கிளம்பியது. அதைப் பொறுமையாகத் திருத்திக்கொண்டு, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் இந்தியாவுக்காகத் தோல் பந்து வீசினார். ஏழைப் பையனின் கையை முதலில் பழக்குவது மலிவான பந்துதான். தோல் பந்து வந்துவிட்டது என்று, காப்பு வாங்க வசதியில்லாத சிறுவர்களை மைதானத்திலிருந்து விரட்டும் குழு, நாளைய நடராஜனையே விரட்டுகிறது என்று அறிய வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது எல்லோரும் சேர்ந்து ஆடும் டென்னிஸ் பந்து ஆட்டம் நிலைக்கட்டும்.

தோல் பந்தைப் பற்றிப் பேசுகையில் பல்வங்கர் பாலுவை மறப்பது நியாயமாகாது. தோல் வேலை செய்யும் குலத்தில் பிறந்த அவர், 1911-ல் இந்தியக் குழுவுடன் இங்கிலாந்து சென்று நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். அதற்கு முன் பூனாவில், அவர் வீசிய பந்தை ஆவலோடு கையில் ஏந்திய உயர்குலத்தோர், தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே தனியாக மண் குவளையில் கொடுத்தார்கள். பந்தின் தோலுக்குத் தீட்டு இல்லை; அதை வீசிய மனிதனுக்கு மட்டும் தீட்டு!

ஆகவே, பந்து வாங்கப் போகும் இளைஞர்களே, எடை பாருங்கள், தையல் பாருங்கள், உருட்டிப் பாருங்கள். பிறகு அந்தப் பந்தை உங்கள் ஊரின் எல்லாத் தெருப் பையன்களும் கையில் எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். இந்தக் கடைசிப் பரீட்சையில் தேறாத குழுவுக்கு மீரட்டிலிருந்தோ மெல்போர்னிலிருந்தோ எந்தப் பந்து வந்தாலும் பிரயோஜனம் இல்லை.