மண்ணுக்கு உசுரு இருக்கா? ஒரு பனியன் பரிசோதனை

போன லீவுக்கு கிணத்துக்கடவு பக்கம் அப்பச்சி தோட்டத்துக்குப் போயிருந்தேன். மைக்ரோபயாலஜி படிக்கிற பேத்தி வந்துட்டாள் என்ற சந்தோஷத்தில் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மண்வள அட்டை.

"இதுல என்னென்னமோ போட்டிருக்குது கண்ணு. மண்ணுல உசுரு இருக்குதா இல்லையான்னு எங்க போட்டிருக்குது?"

தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

2015ல் மத்திய அரசு ஆரம்பித்த திட்டம் இது. அட்டையில் மொத்தம் 12 அளவுகள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். கடைசியில் இருக்கிற கரிமம் மட்டும்தான் உயிருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் அதுவும் வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான். அடுப்பு எரிகிறதா, வீட்டில் ஆள் இருக்கிறதா என்று சொல்லாது.

அன்றைக்கு அப்பச்சிக்கு ஏதோ சொல்லி சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. மூன்று வருஷமாக இதைத்தானே படிக்கிறோம்? மண்ணிலோ தண்ணியிலோ இருக்கிற நுண்ணுயிர்க் கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நமக்குச் சொல்லிக் கொடுத்த முறைகளை எல்லாம் யோசித்துப் பார்த்தால், அவை மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். எத்தனை பேர்? யார் யார்? என்ன வேலை செய்கிறார்கள்? நாம் முதல் இரண்டில் காட்டுகிற அக்கறையில் பாதிகூட மூன்றாவதில் காட்டுவதில்லை. அப்பச்சி கேட்டதோ மூன்றாவதை. இதுதான் என் ஆதங்கம்.

முதல் கேள்விக்கு நம்ம லேப் வழி தெரிந்ததுதான். ஒரு கிராம் மண்ணைத் தண்ணீரில் கலக்கி, பத்து பத்து மடங்காக நீர்க்கவைத்து, அகார் தட்டில் ஊற்றி, முளைக்கிற புள்ளிகளை எண்ணுவது. நல்ல மண்ணில் ஒரு கிராமுக்கு 100 கோடி பாக்டீரியா வரை இருக்கலாம். தட்டில் முளைப்பது பெரும்பாலும் அதில் நூற்றில் ஒன்றுகூட இருக்காது. 1985ல் ஸ்டேலி, கொனோப்கா என்ற இருவர் இந்த இடைவெளிக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள், 'மாபெரும் தட்டு முரண்பாடு' என்று. பந்தியில் ஒரே ஒரு பதார்த்தம் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டவர்களை மட்டும் எண்ணி, ஊர் ஜனத்தொகை இவ்வளவுதான் என்று எழுதுகிற கதை.

அதற்காகத் தட்டைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அசோஸ்பைரில்லம் பாக்கெட்டில் கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்லாவது இருக்க வேண்டும் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. உயிர் உரங்கள் 2006ல் அந்த ஆணைக்குள் வந்தன. பாக்கெட்டில் இருப்பது யார் என்று தெரியும், அவருக்கு என்ன பிடிக்கும் என்றும் தெரியும். அங்கே தட்டில் எண்ணுவதுதான் சரி. முகம் தெரியாத கூட்டத்தை எண்ணப் போகும்போதுதான் அது காலை வாருகிறது.

இரண்டாவது கேள்விக்குத்தான் இப்போது மவுசு. மண்ணிலிருந்து நேராக டிஎன்ஏ எடுத்து, 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவைப் பெருக்கி, வரிசையைப் படித்து, யார் யார் என்று பட்டியல் போடுவது. மண்ணை வெளியூர் லேபுக்கு அனுப்பினால் கலர் கலராகப் படம் வந்துவிடும். ஆய்வறிக்கையில் ஒட்டினால் அவ்வளவு அழகு! ஆனால் அது வாக்காளர் பட்டியல் மாதிரி. செத்தவர் பெயரும் அதில் இருக்கும். செத்த செல்லின் டிஎன்ஏ மண்ணில் ரொம்ப நாள் தங்கும். அமெரிக்க மண்களை வைத்து 2016ல் வந்த ஓர் ஆய்வு, கிடைத்த டிஎன்ஏவில் சராசரியாக 40 சதவீதம் இப்படி உயிரில்லாதது என்றது. அது மட்டுமா? சில பாக்டீரியாவுக்கு இந்த மரபணு ஒரு பிரதிதான், சிலதுக்குப் பத்துக்கும் மேலே. ஒரே ஆள் பத்து ஓட்டு போட்ட மாதிரி. படத்தில் 20 சதவீதம் என்று போட்டிருந்தால் மண்ணிலும் 20 சதவீதம் என்று நம்பிவிடக் கூடாது.

சும்மா சொல்லக்கூடாது, பட்டியலால் கிடைத்த லாபமும் பெரிசு. வயலில் போடுகிற யூரியா அம்மோனியாவாகி, பிறகு நைட்ரேட்டாக மாறுகிறது. அம்மோனியாவை மாற்றும் அந்த முதல் படி பாக்டீரியாவின் வேலை என்று நூறு வருஷத்துக்கும் மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2004, 2005 வாக்கில் கடல், மண் இரண்டிலிருந்தும் எடுத்த டிஎன்ஏவைப் படித்தபோது, ஆர்க்கியா என்ற வேறொரு வம்சத்திடம் அதே வேலைக்கான மரபணு தென்பட்டது. ஆனால் அது சந்தேகக் கேஸ்தான். 2005ல் சியாட்டிலில் ஒரு மீன்காட்சியகத் தொட்டியிலிருந்து அப்படிப்பட்ட ஓர் ஆர்க்கியாவைப் பிரித்து, பொறுமையாக வளர்த்து, அது அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கேஸ் முடிந்தது. துப்பு கொடுத்தது பட்டியல். சாட்சி சொன்னது வளர்ப்பு. பழசு, புதுசு என்று சண்டை போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். மண் மூச்சு விடுகிறதா? அதை அளப்பது அப்படியொன்றும் கம்ப சூத்திரம் இல்லை. ஒரு பாட்டிலில் மண், உள்ளே ஒரு சின்னக் குப்பியில் சோடியம் ஹைட்ராக்சைடு, இறுக்கி மூடி. சில நாள் கழித்து, நுண்ணுயிர்கள் விட்ட கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று டைட்ரேஷன் செய்தால் தெரிந்துவிடும். பிளஸ் டூவில் எல்லாரும் பிடித்த அதே ப்யூரெட்தான். டிஹைட்ரோஜினேஸ் சோதனை இன்னும் ஜோர். நிறமில்லாத டிடிசி கரைசலை மண்ணோடு வைத்தால், உயிர்கள் சுறுசுறுப்பாக இருக்கும் அளவுக்குச் சிவக்கும். செத்தவர் யாரும் இங்கே ஓட்டு போட முடியாது.

இந்த மாதிரி அளவுகள் எவ்வளவு சொல்லும் என்பதற்கு சாட்சி நம்ம கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல். உரமே போடாத பாத்தி, ரசாயன உரம் மட்டும் போட்ட பாத்தி, தொழுவுரம் போட்ட பாத்தி என்று நூறு வருஷத்துக்கு மேலாகத் தனித்தனியாகக் காப்பாற்றி வருகிறார்கள். தொழுவுரப் பாத்தியில் நுண்ணுயிர்களின் மொத்த எடையும் நொதிகளின் வேகமும் அதிகம் என்று அங்கேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் மட்டும் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

லேப் பக்கமே போகாத வழியும் ஒன்று உண்டு. கனடா, சுவிட்சர்லாந்து மாதிரி நாடுகளில் விவசாயிகள் வெள்ளைப் பருத்தி உள்ளாடையை வயலில் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்கிறார்கள். மண்ணில் வேலை நடந்திருந்தால் எலாஸ்டிக் மட்டும்தான் கையில் வரும். சிரிக்காதீர்கள், பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ். அதைத் தின்பது நுண்ணுயிர்களின் முக்கிய வேலைகளில் ஒன்று. திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் இதைச் செய்யாமல் இருந்தால் எப்படி? :-)

குறை இல்லாமல் இல்லை. ஈரம் கூடினால் சீக்கிரம் மக்கும். நம்ம காட்டில் கரையான் மொத்தத்தையும் முழுங்கிவிட்டு நுண்ணுயிருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்கும். நெருக்கமான நைலான் வலைப்பையில் போட்டு, ஒரே ஆழத்தில், ஒரே நாளில், இரண்டு வயலிலும் புதைத்து ஒப்பிட வேண்டும். இது எண் சொல்கிற சோதனை அல்ல. விவசாயியே தன் கண்ணால் பார்க்கிற சோதனை. அதுதான் இதன் பலம்.

நான் கேட்பது இரண்டே விஷயம். மண்வள அட்டையில் பதின்மூன்றாவதாக ஒரு வரி, மண்ணின் மூச்சு. அப்புறம் நம்ம கூட்டாளிகளுக்கு: மண்ணைப் பொட்டலம் கட்டி சீக்வென்சிங்குக்கு அனுப்புவதற்கு முன்னால், மூன்றில் எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். எழுத வரவில்லை என்றால் பணத்தை மிச்சம் பண்ணுங்கள்.

அப்பச்சியிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். சாணி எரு போடுகிற தென்னந்தோப்பில் ஒன்று, யூரியா மட்டும் பார்த்த தக்காளிக் காட்டில் ஒன்று என்று முடிவாகியிருக்கிறது. எல்லாம் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"பனியன் புதுசா கண்ணு, இல்ல நாம் போட்டுக் கிழிஞ்சதே போதுமா?"

புதுசுதாங்க அப்பச்சி. ரெண்டும் ஒரே கடையில், ஒரே அளவில்.