அரசுக்குச் செலவின்றி



'அரசுக்குச் செலவின்றி' என்னும் சொற்றொடர் உங்களில் எத்தனை பேருடைய செவிக்கு எட்டியிருக்குமோ, அறியேன். வெளிநாட்டில் நடைபெறும் போட்டிக்குச் செல்ல நம் நாட்டு வீரர்களுக்கு மத்திய அரசின் விளையாட்டு அமைச்சகம் அனுமதி வழங்கும்போது, சில பெயர்களுக்கு எதிரே இச்சொற்றொடரையும் சேர்த்து எழுதுவது நெடுநாளைய வழக்கம். அதன் பொருள் எளியது. நாட்டின் பெயரை மார்பில் தாங்கிச் செல்லலாம். தேசியக் கொடியின் கீழ் அணிவகுத்து நிற்கலாம். ஆனால் விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கு அரசு ஒரு காசும் தராது. அரசுக்குச் செலவில்லை எனில், பின் எவருக்குச் செலவு? விளையாட்டுச் சம்மேளனத்திடம் பணமிருந்தால் சம்மேளனத்துக்கு. இல்லையெனில், அந்தப் பிள்ளையைப் பெற்றவருக்கு.

எல்லா விளையாட்டுக்கும் இது பொருந்துமெனினும், சைக்கிள் பந்தயத்தைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறேன். சைக்கிளா என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். நம் கடையநல்லூரில் கிரிக்கெட் மட்டை வாங்க இயலாத வீட்டிலும் ஒரு சைக்கிள் சுவரோரம் சாய்ந்து நிற்கும். பதினோராம் வகுப்பை எட்டும் நம் பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டி வேறு கிடைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒருபுறம் பார்த்தவாறு, புளியங்குடியிலிருந்து தென்காசி வரை நீளும் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் மிதித்துப் பழகும் பிள்ளைக்குத் தொடைவலிமை தானே வந்து சேரும்.

முதற்படியும் எட்டாத உயரத்தில் இல்லை. பேரறிஞர் அண்ணாவின் பிறந்த நாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறது. பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட சிறுவர்க்கு 15 கிலோமீட்டர், சிறுமியர்க்கு 10 கிலோமீட்டர். அதற்கு மேற்பட்ட வயதுப் பிரிவினர்க்கு 20, 15 கிலோமீட்டர். இந்தியாவில் செய்த சாதாரணச் சைக்கிளே போதுமானது. பால்காரரின் மகனும் தறிக்காரரின் மகளும் ஒரே கோட்டில் நிற்கலாம்.

இரண்டாம் படியில்தான் வழி அடைபட்டுப் போகிறது. மாவட்டத்தில் வென்ற பிள்ளை மாநிலப் போட்டிக்கும் தேசியப் போட்டிக்கும் போகுமானால், இரவல் சைக்கிள் உதவாது. பந்தயத் தளத்தில் ஓட்டும் சைக்கிளுக்கு பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை. கார்பன் இழையால் ஆன சட்டமும் சக்கரங்களும் சேர்ந்தால் விலை பல லட்சத்தைத் தொடும். தூத்துக்குடி மாவட்டத்துச் சைக்கிள் வீராங்கனை ஸ்ரீமதிக்கு அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி அத்தகையதொரு பந்தய சைக்கிளை வாங்கித் தந்தது செய்தித்தாள்களில் வந்ததே, நினைவிருக்கலாம். ஒருவர் முன்வந்து கொடுத்ததால் அப்பெண்ணுக்குக் கிடைத்தது. கேட்கத் தெரியாத பிள்ளையின் கதி என்ன?

சைக்கிள் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து, ஏன் கடல் கடந்து போக வேண்டும், இங்கேயே ஓட்டினால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. மரப்பலகை வேய்ந்த, 250 மீட்டர் சுற்றளவுள்ள, வளைவுகளில் நாற்பது பாகைக்கும் மேலாகச் சரிந்து நிற்கும் தளத்தில்தான் உலகப் போட்டிகள் நடக்கின்றன. அத்தகைய தளம் 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுடெல்லி இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தில் அமைக்கப்பட்டது. நமக்கு அருகில் என்றால், செங்கோட்டை வழியே மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் காரியவட்டத்துக்குப் போனால் திறந்தவெளித் தளம் ஒன்று உண்டு. தளத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், புள்ளிகளைச் சமாளிக்க முடியாது. ஒலிம்பிக்கில் நுழைவதற்கான தரவரிசைப் புள்ளிகள் உலகப் போட்டி, கண்டப் போட்டி, பல நாடுகளில் மாறி மாறி நடைபெறும் சர்வதேசப் போட்டிகள் ஆகியவற்றில் கிடைப்பவை. ஒரு பயணம் தவறினால் ஒரு பருவத்தின் புள்ளிகள் போயின. புள்ளிகள் இல்லையேல் அடுத்த அழைப்பும் இல்லை. சைக்கிளைப் பிரித்துப் பெட்டியிலிட்டு விமானத்தில் ஏற்றும் கூலி முதல், அதைத் திரும்பப் பூட்டிச் சரிபார்க்கும் மெக்கானிக்கின் சீட்டு வரை எல்லாம் செலவுதான்.

1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1964 டோக்கியோ ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் இந்தியர்கள் சைக்கிள் ஓட்டினார்கள். அதற்குப் பின் 2024 பாரிஸ் வரை ஒருவரும் தகுதி பெறவில்லை. கால்களில் வலிமை குறைந்ததால் என்று சொல்வது அநியாயம். நிக்கோபார் தீவைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் என்னும் இளைஞர் 2018இல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக இளையோர் போட்டியில் வெள்ளி வென்றார். உலகச் சைக்கிள் போட்டியில் இந்தியா பெற்ற முதற்பதக்கம் அதுவே. மறுஆண்டு ஜெர்மனியில், ஓடர் நதிக்கரையில் உள்ள ஃபிராங்க்ஃபர்ட்டில், ஆல்பனும் மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங் உள்ளிட்ட தோழர்களும் அணி விரைவோட்டத்தில் உலக இளையோர் தங்கத்தையே கொண்டுவந்தனர். டெல்லிப் பயிற்சி மையத்தில் சேர்த்து, செலவு செய்து அனுப்பினார்கள், பலன் வந்தது. இளையோர் பிரிவிலிருந்து மூத்தோர் பிரிவுக்கு ஏறும் அந்த ஆறேழு ஆண்டுகள்தாம் பசி மிகுந்தவை. பதக்கமும் வராது, பணமும் தேவை.

அந்த இடைக்காலத்தை எப்படிக் கடப்பது என்பதற்கு நம் உறவினர் பலர் வாழும் மலேசியாவில் ஒரு பாடம் உண்டு. திரெங்கானு மாநிலத்தின் டுங்குன் ஊரில் 1988இல் பிறந்தவர் அசீசுல்ஹஸ்னி அவாங். அந்நாடு அவரை இளவயதிலேயே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு அனுப்பி, ஜான் பீஸ்லி என்னும் பயிற்சியாளரிடம் ஒப்படைத்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓட்டினார், பதக்கம் இல்லை. 2012 லண்டனில் ஓட்டினார், பதக்கம் இல்லை. நடுவே 2011இல் மான்செஸ்டரில், சக ஓட்டக்காரர்களுடன் மோதி விழுந்தபோது, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மரச்சிராய் அவருடைய கெண்டைக்காலில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தது. அந்தக் காலோடு எழுந்து, சைக்கிளில் ஏறி, எல்லைக் கோட்டைக் கடந்து மூன்றாமிடம் பெற்றார். படத்தைப் பார்த்தால் உடல் சிலிர்க்கும்; குழந்தைகளுக்குக் காட்டாதீர்கள்.

இரண்டு ஒலிம்பிக்கில் வெறுங்கையோடு திரும்பியவரை நம் நாட்டில் என்ன செய்திருப்பார்கள்? மலேசியா அவரைத் திரும்ப அழைக்கவில்லை. பத்தாண்டுக்கும் மேலாக அவர் மெல்போர்னிலேயே தங்கிப் பயின்றார். 2016 ரியோவில் கெய்ரின் பந்தயத்தில் வெண்கலம் வந்தது. சைக்கிளில் மலேசியா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம். 2017இல் உலக வாகையர் ஆனார். கொரோனாவால் தள்ளிப்போய் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. மறுஆண்டு இதய அறுவை சிகிச்சை. அதிலிருந்தும் மீண்டு 2024 பாரிஸ் வரை சென்றார். அங்கே, முன்னே செல்லும் மோட்டார் வண்டி விலகுமுன் அதை முந்திவிட்ட தவறுக்காக முதற்சுற்றிலேயே நீக்கப்பட்டார். செலவழித்த பணமெல்லாம் பதக்கமாகத் திரும்பும் என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கடைசி வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இப்போது உங்கள் மனத்தில் எழும் வினாவை நான் அறிவேன். வீட்டில் குமர் காத்திருக்கிறது. மதரஸாவுக்குக் கூரை வேண்டும். மருத்துவமனையில் படுத்திருக்கும் அண்டை வீட்டார் கை நீட்டுகிறார். இவற்றையெல்லாம் விட்டு, சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கு விமானச் சீட்டா? நியாயமான வினா. ஜகாத்தை இதற்குத் தொடலாகாது. அதற்கு உரியவர்கள் இன்னார் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. நான் கேட்பது வேறு பணம். திருமண மண்டபத்தின் மின்விளக்கு அலங்காரத்திலும், வரவேற்புப் பதாகைகளிலும் ஓர் இரவில் கரைந்துபோகும் பணம். அதைக் கணக்கிட்டால் எத்தனை பயணச்சீட்டு தேறும் என்பதை உங்கள் வீட்டிலேயே ஒருநாள் எழுதிப் பாருங்கள்.

நம் ஊருக்கு இது புதிய வழக்கமும் அன்று. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் துறைமுகத்தில் உழைத்தும் சிறுகடை வைத்தும் பிழைத்த கடையநல்லூர்க்காரர்கள் 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தோற்றுவித்தார்கள். போர் ஓய்ந்த மறுஆண்டே, 1946இல், அவர்கள் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் திறந்தார்கள். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. 1982இல் மூடப்படும் வரை, சீறாப்புராணம் தந்த புலவரின் பெயர் அந்நிய மண்ணில் பள்ளி வாயிலில் நின்றது. இன்றும் அங்குள்ள தமிழ் மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. மாடி வீட்டுச் செல்வர்கள் அல்லர் அவர்கள். ஊரிலிருக்கும் மனைவி மக்களுக்கு அனுப்பியது போக, எஞ்சிய வெள்ளிகளைச் சேர்த்துப் பிறர் பிள்ளைகளின் படிப்பைச் சுமந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சங்கம் வைத்திருக்கிறார்கள். சபுராளிகளின் ஆண்டுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்தால் என்ன?

அரசின் பக்கமும் ஒரு வாசல் திறந்தது. 2023இல் தமிழக அரசு 'தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை'யைத் தொடங்கியது. வடசென்னையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டிக்குப் போக, அதன் வழியே ஒன்றரை லட்சம் ரூபாய் கிடைத்தது. அந்தப் பெண் மூன்று தங்கங்களோடு திரும்பி வந்தார். போட்டிக்கு முன்னர் கொடுத்த ஒன்றரை லட்சம், வென்ற பின்னர் கொடுக்கும் கோடியைக் காட்டிலும் கனமானது என்பது என் கருத்து. வென்றவருக்குக் கொடுக்க நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

பெண்பிள்ளை என்றதும் தாய்மார்களுக்கு ஓர் அச்சம் உண்டாகும். அதை மூடி மறைக்கலாகாது. 2022இல் இந்தியச் சைக்கிள் அணி ஒன்று பயிற்சிக்காக ஸ்லோவேனியா நாட்டுக்கு அனுப்பப்பட்டது. ஐந்து ஆண்கள்; ஒரே ஒரு பெண். உடன் பெண் பயிற்சியாளர் எவரும் இல்லை. தலைமைப் பயிற்சியாளர் முறைகேடாக நடந்துகொண்டார் என்று அவ்வீராங்கனை புகார் எழுப்பினார். இந்திய விளையாட்டு ஆணையம் முதலில் அவரையும் பின்னர் அணி முழுவதையும் திரும்ப அழைத்தது. பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை முறித்தது. பெண்கள் இடம்பெறும் அணியோடு பெண் பயிற்சியாளர் ஒருவரும் செல்ல வேண்டும் என்ற விதி அதன் பிறகே வந்தது. அந்த ஒரு சீட்டை முன்னமே வாங்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆகவே பெண்பிள்ளையின் பயணத்துக்கு நிதி சேர்ப்பவர்கள் இரண்டு சீட்டுக்குச் சேர்க்க வேண்டும். இரண்டாவது சீட்டுக்கு வழியில்லை என்றால் அனுப்ப மறுக்கும் தாயை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் சைக்கிளே பெண்ணுக்கு ஆகாது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அவர்களில் நம் சமுதாயப் பெண்களும் இருந்தார்கள். ஆப்கானிஸ்தானின் மசோமா அலி சாதா, தலைக்கவசத்தின் உள்ளே முக்காடு அணிந்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காக ஓட்டினார். அதே நாட்டின் ஃபரீபா, யுல்துஸ் ஹாஷிமி சகோதரிகள் சுவிட்சர்லாந்தில் பயிற்சி பெற்று 2024 பாரிஸில் ஓட்டினார்கள். அவர்களுக்கு நாடு செலவழிக்கவில்லை. நாடே அவர்களை ஓட்டவிடவில்லை. பிறர் செலவழித்தார்கள்.

நிதி சேர்ப்பதாயின், இரண்டு செய்தி. பணத்தைக் கையில் கொடுக்காமல் சீட்டாகவும் விசாக் கட்டணமாகவும் செலுத்திக் கணக்கை ஜமாஅத் பலகையில் ஒட்டிவிடுங்கள். பாஸ்போர்ட்டை அழைப்பு வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள், அழைப்பு வந்தபின் நாள் போதாது. மற்றொன்று, பதக்கம் வராவிட்டால் அப்பிள்ளையின் வாசலில் நின்று எவரும் கேட்கலாகாது. கேட்பதாயிருந்தால் கொடுக்கவே வேண்டாம்.

அதற்கெல்லாம் முன்னதாக, அண்ணா பிறந்த நாள் போட்டிக்கான அறிவிப்பு செப்டம்பரை ஒட்டி வரும். தென்காசியிலுள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் இடமும் நாளும் சொல்வார்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் வயதுச் சான்றை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, இரண்டு பிரேக்கையும் சோதித்து அனுப்புங்கள். கியர் வைத்த சைக்கிளை மட்டும் கொண்டுபோக வேண்டாம். தொடக்கக் கோட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.