சாய்ந்தால் கெடும் ஃப்ரிட்ஜ்

நெருப்பு மூட்டினால்தான் குளிரும் என்றால் நம்புவீர்களா? அமெரிக்கர்கள் ஊர் சுற்றும் கேரவன்கள் பலவற்றில் உள்ள ஃப்ரிட்ஜ் அப்படிப்பட்டதுதான். 1922-ல் ஸ்வீடன் மாணவர்கள் பால்ட்சர் வான் பிளேட்டனும் கார்ல் முண்டர்ஸும் கண்டுபிடித்த முறை இது. கம்ப்ரஸர் கிடையாது, சத்தமும் கிடையாது. கேஸ் சுடர் பாய்லரில் உள்ள அம்மோனியாக் கரைசலைக் கொதிக்க வைக்கிறது. பிரிந்த அம்மோனியா திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மீண்டும் ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. பிறகு தண்ணீரில் கரைந்து, தானாகவே வழிந்து பாய்லருக்குத் திரும்புகிறது.

சிக்கல் இங்கேதான். வண்டியைச் சரிவில் நிறுத்தினால் திரவம் வழியிலேயே தேங்கிவிடும். சுடரோ எரிந்துகொண்டே இருக்கும். வறண்ட பாய்லர் அளவுமீறிச் சூடாகும். துருவைத் தடுக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் படிந்து குழாயை அடைக்கும். மறுநாள் சமதளத்தில் நிறுத்தினாலும் இந்தச் சேதம் சரியாகாது. ஒவ்வொரு தடவையும் கூடும். குழாய் விரிசல் விட்டால் கசிவது எரியக்கூடிய வாயு. பாய்லர் குழாய் விரிசலால் தீப்பிடிக்கும் அபாயம் காரணமாக 2006-ல் டோமெட்டிக் நிறுவனம் 9 லட்சத்துக்கும் அதிகமான ஃப்ரிட்ஜ்களைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது.

பாதுகாப்பு எளிது. ஓடும்போது குலுக்கலில் திரவம் தேங்காது. நிறுத்தும்போதுதான் கவனம் வேண்டும். சமதளம் கிடைக்காவிட்டால் ஃப்ரிட்ஜை அணைத்துவிட வேண்டும். பின்புறக் காற்று வழியை அடைக்கக் கூடாது. பாய்லர் அதிகம் சூடானால் தானே அணைக்கும் சாதனத்தைப் பொருத்தலாம். பின்னால் மஞ்சள் கறையோ அம்மோனியா நெடியோ தெரிந்தால் உடனே நிறுத்துவதே புத்திசாலித்தனம். ஐஸ்கிரீம் உருகினால் உருகட்டும், வண்டி மிஞ்சும்.